பதினொரு நிமிடப் பகல்

அத்தியாயம் ஒன்பது

நேற்று மாலை ஆறு மணி நாற்பது நிமிடத்துக்கு, பல்கலைக்கழக நில அளவைத் துறையின் மொட்டை மாடியில், மேற்குக்கு முதுகு காட்டி அளவுத்தாளில் குனிந்தபடி அவள் ஒரு பேரீச்சம்பழத்தை வாயில் போட்டாள். பன்னிரண்டாம் நோன்பு திறக்கும் நேரம் அதுதான் என்று பெரியத்தாவின் ஜமாஅத் அச்சடித்த அட்டவணை சொன்னது. பழத்தின் இனிப்பு தொண்டையில் இறங்கிய அதே நொடியில், தியோடலைட் என்னும் கோணம் அளக்கும் கருவியின் கருப்புக் கண்ணாடியில் கண் பதித்திருந்த வகுப்புத் தோழி அமைதியாகச் சொன்னாள்:

"இன்னும் முழுசா நிக்குது. அடி விளிம்பு தரையைத் தொடவே நேரம் இருக்கு. எழுதிக்கோ."

எது நிற்கிறது? சூரியன் நிற்கிறது. வானத்தில் சூரியன், வாயில் பழம். அதன் மேல் விளிம்பு மறைந்து, தோழி "முடிஞ்சது" என்று நிமிர்ந்தபோது கடிகாரம் ஆறு ஐம்பத்தொன்று காட்டியது.

அவள் யார் என்று இந்த வாரம்தான் முதன்முதலாய்ப் படிப்பவர் கேட்கக்கூடும். நிலம் அளக்கும் படிப்புக்காகக் கடல் கடந்து வந்து ஏழு வாரம் ஆனவள். விடுதியில் தங்க அவளைப் பெற்ற அத்தா இசையவில்லை. "என் அண்ணன் வீட்டுல இருந்தா படி. அண்ணன் என்னைக்கு வேண்டாங்கிறாரோ, அதுக்கு மறுநாள் நீ விமானத்துல இருக்கணும்" என்பது அவர் விதித்த நிபந்தனை. ஆகவே அவளது படிப்பு பல்கலைக்கழகப் பதிவேட்டில் இருந்ததாக யாரும் எண்ண வேண்டாம். அது பெரியத்தாவின் கைப்பேசியில் இருந்தது.

அந்த அண்ணனான பெரியத்தா மரச்சாமான் கிடங்கின் முதலாளி. அந்நகரில் வாழும் நம்மவரின் தொழுகைச் சபையான ஜமாஅத்துக்கு ஒன்பது ஆண்டாகத் தலைவர். அந்த ஒன்பது ஆண்டில் அவர் ஆற்றிய அரும்பெரும் தொண்டு யாதெனில், நோன்பு அட்டவணையில் தம் படத்தை ஆண்டுக்காண்டு பெரிதாக்கியதுதான். முதல் ஆண்டு தபால்தலை அளவில் இருந்தார். இந்த ஆண்டு பாதித் தாளை விழுங்கிவிட்டார். முப்பது நாளின் நேரங்கள் அவர் தாடிக்குக் கீழே, எறும்பு ஊர்ந்ததுபோல், பூதக்கண்ணாடி கேட்டுக் கிடந்தன.

மறுநாள் காலையில் அவள் அவர் அறை வாசலில் நின்றாள். அவர் நிலைக்கண்ணாடிக்கு முன்னால் வரவேற்புரையை ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தார். அன்று மாலை ஜமாஅத் கூடத்தில் பெரும் நோன்பு திறப்பு. நகரமன்றத் தலைவர் வருகிறார். அவளது துறைத் தலைவரும் வருகிறார்.

"வா இன்ஜினியரம்மா. மைக்குல சொல்ல வேண்டியது மனப்பாடம் ஆயிடுச்சா?"

"பெரியத்தா, அட்டவணை தப்பு."

"எழுத்துப் பிழையா? அச்சகத்துக்காரன் எப்பவும் அப்படித்தான்."

"நேரமே பிழை. நாம நோன்பு திறக்கிறது பதினொரு நிமிஷம் முந்தி. தினமும் சூரியன் இருக்கும்போதே திறக்கறோம்."

அவர் பதறுவார் என்று அவள் நினைத்தாள். இரவெல்லாம் அவள் பதறியிருந்தாளே. அவரோ தொப்பியை ஒரு விரற்கடை வலப்பக்கம் நகர்த்தி, அது பொருந்துகிறதா என்று பார்த்தார்.

"யாரு சொன்னது?"

"சூரியன்."

"அவர் எந்த ஜமாஅத்து?"

தம் நகைச்சுவையைத் தாமே மெச்சிச் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை.

"இது கிழக்கே முந்நூறு கிலோமீட்டர் தள்ளி இருக்கற துறைமுக நகரத்தோட நேரம், பெரியத்தா. கணக்குப் போட்டுப் பாத்தேன், அச்சு அசலாப் பொருந்துது. அங்க சூரியன் நமக்கு முன்னாடியே மறைஞ்சிடும்."

"பொருந்தாம எங்க போகும்? ஜமாஅத்தை ஆரம்பிச்சதே அங்கதானே. அவங்க வருஷா வருஷம் அட்டவணை அனுப்பறாங்க, நான் அச்சுக்குக் குடுக்கறேன். ஒன்பது வருஷமா இதுதான் வழக்கம்."

வழக்கமாம். கிடங்கை இந்நகருக்கு மாற்றியபோது கட்டில் பீரோவோடு ஜமாஅத்தையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தவர் அவர். முகவரியை மாற்றினார், முத்திரையை மாற்றினார், முகப்புப் படத்தை முப்பது தடவை மாற்றினார். நேரத்தை மட்டும் மாற்ற வேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை. ஏன் தோன்றும்? கூடம் கிடங்கின் நிலவறையில் இருக்கிறது. அங்கே சன்னல் கிடையாது. வானத்தைப் பார்க்காமலே வணங்குவதற்கு அதைவிட வசதியான இடம் ஏது?

கைப்பேசிச் செயலிகள் சரியான நேரத்தைச் சொல்லத்தான் செய்தன. "செயலி ஆளுக்கொரு நேரம் சொல்லும், ஜமாஅத் எல்லாருக்கும் ஒரே நேரம் சொல்லும்" என்று அவர் ஆணையிட்டார். அத்தனை பேரும் தலையாட்டினார்கள். பதினொரு நிமிடம் முந்திக் கிடைக்கும் சோற்றை எந்தப் பசி எதிர்த்து நின்றது? இதே தலைவர்தாம் சென்ற ஆண்டு, வண்டி ஓட்டிக்கொண்டிருந்த களைப்பில் ஒரு நிமிடம் முந்தித் தண்ணீர் குடித்துவிட்ட லாரி ஓட்டுநர் ஒருவரை, வெள்ளிக்கிழமை மேடையில் நிறுத்தி வைத்து வறுத்தெடுத்தார். ஒரு நிமிடத்துக்கு ஒரு மணி நேரச் சொற்பொழிவு. அந்தக் கணக்கில் இவருக்கு இவர் ஆற்ற வேண்டிய சொற்பொழிவு எத்தனை மாதம் நீளும்?

"மக்கள்கிட்டச் சொல்லணும், பெரியத்தா."

"என்னன்னு? ஒன்பது வருஷ நோன்பையும் திருப்பிப் பிடிங்கன்னா?"

"ஹஜ்ரத்துகிட்டக் கேட்டு, அவங்க என்ன செய்யணும்னு சொல்றாங்களோ அதை."

"ஹஜ்ரத்து நான் கை காட்டினாதான் பாங்கே சொல்லுவார். அவர்கிட்ட என்னத்தைக் கேக்கறது?" அவர் இப்போதுதான் திரும்பி அவளைப் பார்த்தார். "மக்கள் என்மேல வச்சிருக்கற மரியாதை என்ன ஆகும்னு யோசிச்சியா?"

"மக்கள் வச்ச நோன்பு என்ன ஆச்சுன்னு நீங்க யோசிச்சீங்களா?"

அவர் குரலைத் தேனில் தோய்த்தார்.

"இங்க பாரும்மா. நீ படிச்ச பொண்ணு. பெருநாள் முடியட்டும், அடுத்த வருஷ அட்டவணையில சத்தமில்லாம மாத்திடுவோம். இன்னைக்கு நீ மேடைக்கு வர்ற. ஆறு நாற்பத்தொண்ணு, நோன்பு திறக்கலாம்னு ரெண்டு மொழியிலயும் சொல்ற. விருந்தாளிங்க கைதட்டுவாங்க. முடிஞ்சது கதை."

"சொல்லலைன்னா?"

அவர் கைப்பேசியை எடுத்து மேசைமேல், அவள் பக்கமாக, மெதுவாக வைத்தார்.

"உங்கத்தா நம்பர் எனக்குப் பாக்காமலே போட வரும்."

பல்கலைக்கழக உணவுக்கூடத்தில் நண்பகல் இரைச்சல். ஏழு வாரத்தில் அவளுக்கு அங்கே ஒரு மூலை மேசை சொந்தமாகியிருந்தது. நோன்பு தொடங்கிய பிறகும் அதே மேசைக்கு வந்து, வெறுங்கையோடு குறிப்பேட்டை விரித்து உட்கார்வாள். அவளைக் கண்டதும் தோழி ரொட்டியை மேசைக்குக் கீழே ஒளித்தாள்.

"வெளியே எடுத்துத் தின்னு. நீ தின்னா என் நோன்பு போயிடாது."

"பாவமா இருக்கே."

"நீ ஒளிச்சு வச்சுத் தின்னறதுதான் பாவமா இருக்கு. எலி மாதிரி கொறிக்கறே."

தோழி ரொட்டியை மேசைமேல் வைத்தாள். அவள் நேற்றைய அளவுத்தாளைப் புரட்டினாள்.

"நாம எழுதினதுல தப்பு வர வாய்ப்பு இருக்கா?"

"அரை நிமிஷம் வரலாம். ஒரு நிமிஷம் வந்தா சார் திட்டுவார். பதினொண்ணு வந்துச்சுன்னா நாம ரெண்டு பேரும் படிப்பை விட்டுட்டு வேற வேலை பாக்கலாம்." தோழி மென்றபடியே கேட்டாள்: "ஏன், நேத்து நீ அந்தப் பழத்தைச் சாப்பிட்டது குத்தமா?"

"தெரியாம சாப்பிட்டேன். அந்த ஒரு நாளை அப்புறம் திருப்பிப் பிடிச்சுக்கலாம்."

"இன்னைக்குத் தெரியுமே."

"அதான்," என்றாள் அவள்.

ஒரு படிப்பு ஒருபக்கம். ஒரு வாக்கியம் மறுபக்கம். ஆறு நாற்பத்தொன்று என்று வாயசைத்தால் மூன்றாண்டு கழித்துப் பட்டம். வாயசைக்காவிட்டால் நாளையோ மறுநாளோ விமானம். பேரம் அவ்வளவு எளியது. அதனாலேயே அவ்வளவு இழிவானது.

மாலை ஐந்து மணிக்கு அவள் ஜமாஅத் கூடத்தின் சமையற்கட்டுக்குள் நுழைந்தாள். நிலவறையில் வெளிச்சம் எட்டிப் பார்க்கும் ஒரே இடம் அது; மேற்குச் சுவரில், தெருவின் தரைமட்டத்தில், கையகலத்துக்கு ஒரு திறப்பு. அதன் கீழே பெரியம்மா பழம் நறுக்கிக்கொண்டிருந்தார். பெரியத்தா அவருக்கு வைத்திருக்கும் பெயர் 'நத்தை'. எல்லாரும் நோன்பு திறந்து, தொழுகைக்கு வரிசை கட்டும் நேரத்தில்தான் அந்த அம்மாள் ஒரு வாய் தண்ணீர் குடிப்பார். "நத்தைக்குப் பசிகூட நடந்துதான் வரும்" என்று பெரியத்தா சபையில் சொல்லிச் சிரிப்பார். சபையும் கூடச் சிரிக்கும்.

அவள் நடந்ததைச் சொன்னாள். பெரியம்மாவின் கத்தி நிற்கவில்லை. ஆப்பிள் துண்டுகள் ஒரே அளவாக விழுந்துகொண்டிருந்தன.

"பதினொண்ணுன்னு இன்னைக்குத்தான் தெரியுது. நான் பத்துன்னு நெனச்சிருந்தேன்," என்றார்.

"உங்களுக்குத் தெரியுமா?"

"இந்த ஓட்டைக்கு நேரா வருஷம் பூரா நின்னு காய் நறுக்கறவளுக்குத் தெரியாதா? உள்ள பாங்கு சொல்றாங்க, வெளிய வெயில் என் கையில விழுது. ரெண்டுல எது பொய் சொல்லும்?"

"அப்ப நீங்க லேட்டாத் திறக்கறது..."

"வெயில் போனப்புறம் திறக்கறேன். அவ்வளவுதான். நத்தைன்னு பேர் வந்துச்சு. வந்துட்டுப் போகுது."

இந்த இடத்தில் அவள் நெகிழ்ந்து பெரியம்மாவின் கையைப் பற்றிக்கொண்டாள் என்று எழுதினால் வாசகர் மகிழக்கூடும். அவள் அப்படிச் செய்யவில்லை. அவளுக்கு அருவருப்புத்தான் வந்தது.

"எத்தனை வருஷமா?"

"ஆறு."

"ஆறு வருஷமா உங்க நோன்பை மட்டும் காப்பாத்திக்கிட்டீங்க. உள்ள உக்காந்திருக்கற இருநூறு பேருக்கு நீங்களே தட்டுல பழம் வச்சு அனுப்பினீங்க. பெரியத்தாவுக்காவது உறைக்கலைன்னு சொல்லலாம். உங்களுக்கு உறைச்சிருக்கே."

கத்தி நின்றது.

"முதல் வருஷமே சொன்னேன். நாற்பது நாள் எங்கிட்டப் பேசலை. ஒரே வீடு, ஒரே கூரை, நாற்பது நாள். உனக்கு அது என்னன்னு தெரியாது."

"நாளைக்கு எனக்கு விமானம். எனக்கு அது என்னன்னு தெரியும்."

பெரியம்மா தட்டுகளைத் துடைத்து அடுக்கினார். மேற்குத் திறப்பின் வழியாக வந்த வெயில் அவர் மணிக்கட்டில் வளையல்போல் கிடந்தது.

ஆறு மணிக்குக் கூடம் நிரம்பிவிட்டது. மேடையில் பெரியத்தா, நகரமன்றத் தலைவர், துறைத் தலைவர். ஓரத்தில், பாங்கு என்னும் தொழுகை அழைப்பைச் சொல்லப் பெரியத்தாவின் கையசைவுக்காகக் காத்திருக்கும் ஹஜ்ரத். பெண்கள் பகுதியை மறைக்கும் பச்சைத் திரை இழுத்துக் கட்டியிருந்தது. அதற்கு முன்னால், ஒலிவாங்கியோடு, அவள். விருந்தினர் வராத நாளில் பெண்பிள்ளைக்குத் திரைக்குப் பின்னால் இடம். விருந்தினர் வரும் நாளில் மேடைக்கு முன்னால் இடம். எங்கள் பெண்களும் படிக்கிறார்கள் பாருங்கள் என்று காட்ட ஒரு காட்சிப்பொருள் வேண்டுமல்லவா? கிடங்கில் கட்டிலைக் காட்டுபவருக்குக் கூடத்தில் தம்பி மகளைக் காட்டத் தெரியாதா?

வரவேற்புரை முடிந்தது. சகிப்புத்தன்மை என்ற சொல்லைப் பெரியத்தா ஒன்பது முறை சொன்னார். ஒவ்வொரு கையிலும் ஒரு பேரீச்சம்பழம் ஏறியது. சுவர்க் கடிகாரம் ஆறு நாற்பதைத் தாண்டிக்கொண்டிருந்தது. பெரியத்தா அவளைப் பார்த்துத் தலையசைத்தார். அந்தத் தலையசைப்பில் அன்பு இருந்தது, விமானம் இருந்தது.

ஆறு நாற்பத்தொன்று.

அவள் ஒலிவாங்கியை வாய்க்கருகே கொண்டுபோனாள்.

"நேரம் ஆறு நாற்பத்தொண்ணு. சூரியன் இன்னும் மறையலை. நம்ம அட்டவணையில இருக்கறது வேற ஊரு நேரம். இந்த ஊர்ல இன்னும் பதினொரு நிமிஷம் பகல் இருக்கு. நேத்து வரைக்கும் எனக்கும் தெரியாது. இப்ப தெரியும். தயவுசெஞ்சு யாரும் திறக்காதீங்க."

பிறகு அதையே விருந்தினரின் மொழியிலும் சொன்னாள். இரண்டு மொழியிலும் சொல்லச் சொன்னவர் பெரியத்தாதான்.

இருநூறு கைகள் வாய்க்குப் பாதி வழியில் நின்றன. நகரமன்றத் தலைவர் ஏற்கெனவே மூன்று பழம் தின்றிருந்தார். அவருக்கு நோன்பும் இல்லை, நட்டமும் இல்லை.

பெரியத்தா சிரித்தபடியே எழுந்தார். "சின்னப் பொண்ணு, பதற்றத்துல ஏதோ உளர்றா. ஹஜ்ரத், நீங்க சொல்லுங்க." கை காட்டினார்.

ஹஜ்ரத் எழுந்தார். இரு கைகளையும் காதருகே உயர்த்தினார். வாய் திறந்தது, ஓசை வரவில்லை. கைகள் மெல்ல இறங்கின.

"தலைவரே, மேல போய் ஒரு எட்டு பாத்துட்டு வந்துடட்டுமா?"

"எதைப் பாக்கப் போறீங்க?"

"வானத்தைத்தான்."

"ஒன்பது வருஷமாப் பாக்காத வானத்தை இன்னைக்கு என்ன பாக்கறது? சொல்லுங்க பாங்கை."

இப்படிச் சொன்னவர், சபை காணத் தம் பழத்தை எடுத்து, வாயிலிட்டு, நிதானமாக மென்றார். தலைவன் தின்றால் தொண்டன் தின்பான் என்பது அவர் நம்பிக்கை. அந்த நம்பிக்கை முழுதும் பொய்க்கவில்லை. முன்வரிசையில் நாலைந்து தாடைகள் அசையத்தான் செய்தன. தலைவரின் சட்டைப் பித்தானுக்குப் பொத்தல்களாகவே பிறந்தவர்கள். அவர்களைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

அப்போது பச்சைத் திரை விலகியது. பெரியம்மா வெளியே வந்தார். கையில் பழம் நறுக்கிய கத்தி இல்லை, தட்டு இல்லை, முந்தானையில் துடைத்த ஈரம் மட்டும். மேடையை ஏறிட்டும் பாராமல், ஆண்கள் வரிசைக்கு நடுவே நேராக நடந்தார். நத்தை என்று பெயரெடுத்த அம்மாள் அவ்வளவு விரைவாக நடந்து அந்தக் கூடம் பார்த்ததில்லை. படிக்கட்டின் அடியில் நின்று திரும்பினார்.

"ஆறு வருஷமா நான் பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன். சொல்லாதது என் தப்பு. வாங்க, வந்து நீங்களே பாருங்க."

ஏறிப் போய்விட்டார்.

முதலில் ஹஜ்ரத் போனார். பின்னால் பெண்கள் போனார்கள். பிறகு கைகளில் பழத்தை ஏந்தியபடியே வரிசை வரிசையாக ஆண்கள். வாயசைத்த நாலைந்து பேரில் இருவர் பாதியை விழுங்குவதா துப்புவதா என்று தெரியாமல் கன்னம் உப்ப ஏறினார்கள். நகரமன்றத் தலைவரும் துறைத் தலைவரும், சூரியனைப் பார்ப்பதும் வழிபாட்டு முறைதான் போலும் என்று எண்ணி, மரியாதையாகக் கோட்டுப் பித்தானைப் போட்டுக்கொண்டு பின்தொடர்ந்தார்கள். மேலே தெருவிலிருந்து ஓர் அதட்டலும் வரவில்லை; ஆரவாரமும் வரவில்லை. இருநூறு பேர் ஒரே பக்கம் பார்த்து நிற்கும் அமைதி மட்டும் படிக்கட்டு வழியாக இறங்கி வந்தது.

கூடத்தில் இருவர் எஞ்சினர். பெரியத்தாவும் அவளும்.

அவர் கத்தவில்லை. கைப்பேசியை எடுத்தார். சொன்னது போலவே பார்க்காமல் எண்ணைப் போட்டார்.

"தம்பி, நான்தான். உன் மக சபையில என் முகத்துல கரியைப் பூசிட்டா. நாளைக்கே டிக்கெட் போடு. ஆமா, நாளைக்கே. ஏன்னு அவளையே கேளு." கைப்பேசியை அவளிடம் நீட்டினார். "சொல்லு, உங்கத்தாகிட்ட. என்ன பண்ணேன்னு சொல்லு."

அவள் வாங்கிக் காதில் வைத்தாள்.

"என்னம்மா பண்ணே?" என்றார் அத்தா. குரலில் கோபம் தயாராக இருந்தது.

அவள் சொன்னாள். பூசி மெழுகாமல், அழாமல், ஆய்வுக்கூட அறிக்கைபோல் சொன்னாள். எந்த ஊர் நேரம், எத்தனை நிமிடம், யார் யாருக்குத் தெரியும், காலையில் பெரியத்தா என்ன சொன்னார், இப்போது எல்லாரும் எங்கே நிற்கிறார்கள்.

அத்தா ஒன்றே ஒன்று கேட்டார்.

"எத்தனை வருஷமா?"

"ஒன்பது வருஷமா, அத்தா."

"நாலு வருஷம் முன்னாடி நான் அங்க வந்திருந்தேன்."

"தெரியும், அத்தா."

"முப்பது நாளும் அந்தக் கூடத்துலதான் திறந்தேன். அண்ணன் பக்கத்துல உக்காந்து. தினமும் முதல் பழத்தை எடுத்து என் கையில வச்சது அவர்தான்."

அதை அளக்க அவளிடம் கருவி எதுவும் இல்லை.

"டிக்கெட் பத்தி அப்புறம் பேசிக்கலாம்," என்றார் அத்தா. கோபம் இன்னும் அந்தக் குரலில் இருந்தது. ஆனால் அது திசை மாறிக்கொண்டிருந்தது. "போனை அண்ணன்கிட்டக் குடு."

அவள் கைப்பேசியை நீட்டினாள்.

"அண்ணே" என்று அது ஒரு முறை கூப்பிட்டது. சற்றுப் பொறுத்து இன்னொரு முறை கூப்பிட்டது. மேலே, திறந்த தெருவில், எவர் கையசைவுக்கும் காத்திராமல் ஹஜ்ரத் பாங்கு சொல்லத் தொடங்கினார்.

பெரியத்தா கைப்பேசியை வாங்கவில்லை.